18 வயது, எரியும் விமானம், கையில் ஒரு லாக் புத்தகம்: ஜான் ஹன்னாவைப் பற்றிப் பேசலாமா?

#1 பழைய பேப்பர்

இந்தக் களத்தில் இரண்டாம் உலகப் போர் என்றாலே தளபதிகளையும் டாங்கிகளையும் பற்றித்தான் அடித்துக்கொள்கிறோம். மாறுதலுக்கு, குண்டுவீச்சு விமானத்தின் பின்பாதியில் ரேடியோவோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஒரு பையனைப் பற்றி எழுதுகிறேன்.

ஜான் ஹன்னா 1921 நவம்பர் 27 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தவர். 1939-இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். வயர்லெஸ் ஆபரேட்டர், துப்பாக்கி வீரர் என்று இரண்டு வேலைக்கும் ஒரே ஆள். 1940-இல் லிங்கன்ஷயரின் ஸ்காம்ப்டன் தளத்தில் 83-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில் சார்ஜெண்டாக இருந்தார்.

அந்தச் சமயத்தில் நிலைமை என்ன? பிரான்ஸ் விழுந்துவிட்டது. இங்கிலாந்தில் படையை இறக்க ஹிட்லர் ஐரோப்பாவின் ஆறுகளில் ஓடிக்கொண்டிருந்த சரக்குத் தோணிகளை எல்லாம் ஆன்ட்வெர்ப், ஓஸ்டெண்ட், கலே, பூலோன் துறைமுகங்களில் குவித்துக்கொண்டிருந்தார். பகலில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்கள் வானத்தில் சண்டை போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். இரவில் அந்தத் தோணிகளை உடைக்கப் போனவர்கள் கதைதான் யாருக்கும் தெரியாது. செப்டம்பர் 15-ஐ இன்றும் 'பிரிட்டன் போர் நாள்' என்று பிரிட்டனில் கொண்டாடுகிறார்கள். அன்றைய பகல் முடிந்து வந்த இரவில்தான் ஹன்னாவின் ஹாம்ப்டன் குண்டுவீச்சு விமானம் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்குப் போனது.

விமானத்தில் நான்கு பேர். விமானி கானர், கனடாக்காரர். மூக்குப் பகுதியில் வழிகாட்டி ஹேஹர்ஸ்ட். பின்னால் மேலே ஹன்னா, கீழே துப்பாக்கியோடு ஜேம்ஸ். முதல் சுற்றில் குறி சரியாக அமையாததால் கானர் திரும்பி வந்து இரண்டாவது முறை பாய்ந்தார். குண்டுகள் விழுந்தன. அதே நேரம் கீழிருந்து வந்த ஒரு குண்டு விமானத்தின் குண்டு அறைக்குள்ளேயே வெடித்தது. இரண்டு பக்கப் பெட்ரோல் டேங்கிலும் ஓட்டை. ஹன்னாவும் ஜேம்ஸும் இருந்த பகுதி முழுக்கத் தீ.

ஹன்னா இரண்டு தீயணைப்பான்களை எடுக்கத் தீயைத் தாண்டிப் போனார். கீழே ஜேம்ஸ் இல்லை, குதித்துவிட்டிருந்தார். ஹன்னாவும் குதித்திருக்கலாம், யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்து நிமிடம் தீயோடு போராடினார். தீயணைப்பான்கள் காலியானதும் கையில் இருந்த லாக் புத்தகத்தால் (பணிக் குறிப்பேடு) நெருப்பை அடித்தார். சுற்றிலும் துப்பாக்கித் தோட்டாக்கள் ஆயிரக்கணக்கில் வெடித்துச் சிதறிக்கொண்டிருந்தன. புகையில் மூச்சு முட்டியபோது ஆக்சிஜனைத் திறந்துவிட்டுக்கொண்டார். அவர் நின்ற தளத்தின் அலுமினியத் தகடு உருகி ஒழுகிப்போய், குறுக்குச் சட்டங்கள் மட்டும் மிஞ்சின. ஒரு வழியாகத் தீ அணைந்தது. முகமும் கண்களும் வெந்துபோன நிலையில் முன்னால் தவழ்ந்து போனால் வழிகாட்டியின் இருக்கையும் காலி! வழிகாட்டி விட்டுப்போன குறிப்பேட்டையும் வரைபடங்களையும் எடுத்து விமானியிடம் கொடுத்தார். கானர் தனியாக ஓட்டி ஸ்காம்ப்டனில் கொண்டுவந்து இறக்கினார்.

அக்டோபர் 1 அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 19 கூட ஆகவில்லை. வான் போருக்காக அந்தப் பதக்கத்தைப் பெற்றவர்களிலேயே மிக இளையவர் அவர்தான்.

பிறகு அவர் என்ன ஆனார் என்பது இன்னொரு கதை, அதையும் எழுதுகிறேன். முதலில் உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

#2 சின்னத்தம்பி

அருமை அண்ணா. ஒரு சந்தேகம். 18 வயதுப் பையன் எப்படி சார்ஜெண்ட் ஆனான்? நம் ஊரில் ஏட்டையா ஆவதற்கே தலை நரைத்துவிடுகிறது.

#3 பழைய பேப்பர்

தம்பி, 1940-இல்தான் அந்த விதி வந்தது: விமானத்தில் பறக்கும் எவரும் குறைந்தபட்சம் சார்ஜெண்ட். அதுவரை சாதாரணப் படைவீரர் பதவியிலேயே பறந்துகொண்டிருந்தார்கள், தரையில் வேறு வேலை, இரவில் துப்பாக்கி. பதவி உயர்ந்ததில் பதினைந்து, இருபது வருடம் உழைத்து சார்ஜெண்ட் ஆன பழைய ஆட்களுக்குக் கடுப்பு. அவர்களுடைய உணவுக்கூடத்தில் மீசை முளைக்காத பையன்கள் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்!

#4 பொருநைக்கரை

நல்ல பதிவு. ஆனால் எனக்கு இரண்டு உறுத்தல்கள்.

ஒன்று, வேகம். செப்டம்பர் 15 இரவு சம்பவம், அக்டோபர் 1 அன்று அரசிதழில் பதக்கம். இரண்டு வாரம்! மற்றவர்களுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இழுத்தடித்த கோப்பு இதற்கு மட்டும் ஏன் ஓடியது? செப்டம்பர் 7-இலிருந்து லண்டன் மீது இரவு பகலாகக் குண்டு விழுந்துகொண்டிருந்தது. 'நாமும் திருப்பி அடிக்கிறோம்' என்று மக்களுக்குக் காட்ட ஒரு முகம் தேவைப்பட்டது. சுருட்டை முடியும் கட்டுப்போட்ட முகமுமாக ஒரு ஏழை வீட்டுப் பையன் கிடைத்தான். பையனின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அரசாங்கத்தின் கணக்கைச் சொல்கிறேன்.

இரண்டு, மற்ற இருவர். ஒருவன் வீரன் என்றால் குதித்தவர்கள் இருவரும் கோழைகளா? கதையைச் சொல்லும் எல்லோரும் அந்த இடத்தை மட்டும் விறுவிறுவென்று கடந்துவிடுகிறார்கள்.

#5 கந்தகம்

நான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன். விமானம் பற்றித் தெரியாது, தீ பற்றிக் கொஞ்சம் தெரியும்.

//குதித்தவர்கள் இருவரும் கோழைகளா?//

இல்லை ஐயா. அந்த விமானத்தின் அமைப்பைப் படம் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உடல் பகுதியின் அகலம் ஏறக்குறைய மூன்றடி. ஒருவரை ஒருவர் தாண்டிப் போக முடியாது. நடுவில் குண்டு அறை. அதற்குப் பின்னால் மேலே ஹன்னா, கீழே ஜேம்ஸ். முன்னால் விமானியும் வழிகாட்டியும். குண்டு அறையில் தீப்பிடித்தால் விமானமே இரண்டு துண்டாகப் பிரிந்த மாதிரிதான். முன்னால் இருப்பவனுக்குப் பின்னால் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே தெரியாது. டேங்கில் ஓட்டை, பெட்ரோல் வாசனை. அந்த நிலையில் வெளியேறுவதுதான் நாங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது. ஜேம்ஸ் நிலை இன்னும் மோசம், அவர் இருந்த கூண்டு நெருப்புக்கு நேர் வழியில் இருந்தது. பதக்க அறிக்கையே அவர் வெளியேற 'நேர்ந்தது' என்ற தொனியில்தான் சொல்கிறது. குற்றம் சாட்டவில்லை.

இனி ஹன்னா. முதலாவது, காற்று. குண்டு வெடித்ததில் உடல் பகுதியில் பெரிய ஓட்டைகள். விமானம் பறக்கப் பறக்க அந்த ஓட்டைகள் வழியாகக் காற்று உள்ளே பாய்கிறது. கொல்லன் பட்டறைத் துருத்தியை நிறுத்தாமல் மிதிப்பது போல. அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும், விமானத்தில் பயன்படுத்தும் கலவை கொஞ்சம் முன்னதாகவே இளகும். காலடியில் தகடு உருகுகிறது என்றால் அந்த இடத்தின் சூடு என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அந்த ஆக்சிஜன். நெருப்புக்குப் பக்கத்தில் ஆக்சிஜனைத் திறப்பவனை நான் அடித்தே விரட்டியிருப்பேன். ஆனால் மூடிய இடத்துத் தீயில் மனிதனை முதலில் சாய்ப்பது சூடு அல்ல, புகை. இரண்டு மூச்சு நச்சுப்புகை உள்ளே போனால் கை கால் சொன்னபடி கேட்காது. முகமூடி வழியாகச் சுத்தமான ஆக்சிஜன் கிடைத்ததால்தான் பத்து நிமிடம் நின்றிருக்கிறார். அந்தச் சூட்டில் அது தோன்றியதே, அங்கேதான் நான் தொப்பியைக் கழற்றுகிறேன்.

மூன்றாவது, தோட்டாக்கள். பலர் நினைப்பதுபோல நெருப்பில் வெடிக்கும் தோட்டா, துப்பாக்கியிலிருந்து வந்ததுபோல உடலைத் துளைத்துக்கொண்டு போகாது. குழல் இல்லாததால் வேகம் கிடையாது. பித்தளைக் கூடு கிழிந்து சில்லுகளாகப் பறக்கும். முகத்துக்கும் கண்ணுக்கும் அதுவே போதும். தவிர, சத்தம். நாங்கள் ஒருமுறை பட்டாசுக் கிடங்குத் தீயில் நின்றோம். கூட இருந்தவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைவதுதான் தெரிந்தது.

#6 பழைய பேப்பர்

கந்தகம் ஐயா, இப்படி ஒரு பதிலுக்காகத்தான் இந்தக் களத்தில் கிடக்கிறேன். நன்றி.

பொருநைக்கரை நண்பருக்கு: ஹேஹர்ஸ்டும் ஜேம்ஸும் எதிரிகளிடம் சிறைப்பட்டார்கள். யாரும் அவர்களைக் குறை சொன்னதாகப் பதிவு இல்லை. ஹேஹர்ஸ்டுக்கும் பதக்கம் கிடைத்தது. விமானி கானருக்கு டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கம். கானருக்கு அதை அனுபவிக்க நேரம் இல்லை, அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு தாக்குதலில் இறந்துபோனார். அந்த இரவு குதிக்காமல் இருந்த இருவரில் ஒருவர் இரண்டு மாதத்தில் போய்விட்டார், குதித்த இருவர் முகாமில் உயிரோடு இருந்தார்கள். குண்டுவீச்சுப் படையில் யார் பிழைப்பார்கள் என்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

பிரசாரம் பற்றி: ஆமாம், கண்டிப்பாக. தரையிறங்கிய விமானத்தை அவர்கள் படம் எடுத்த விதமே அதைச் சொல்லும். எரிந்து கூடாகிப்போன உட்புறம், கருகிய புறாப் பெட்டி. சின்னத்தம்பி கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ரேடியோ செத்துப்போய்க் கடலில் விழுந்தால் செய்தி அனுப்ப அக்காலக் குண்டுவீச்சு விமானங்களில் தூதுப்புறாக்களை எடுத்துப் போவார்கள்.

ஆனால் இதில் நான் வேறொன்றைப் பார்க்கிறேன். ஹன்னாவுக்குப் பதக்கம் கிடைக்கக் காரணம் அந்த விமானமே சாட்சியாக வந்து தரையில் நின்றது. உருகிய தளத்தை அதிகாரி கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது. போர் முடிந்தபோது குண்டுவீச்சுப் படையில் இறந்தவர்கள் 55,573 பேர். பறந்தவர்கள் மொத்தமே சுமார் 1,25,000. எரிந்த விமானத்தோடு கடலிலும் வயலிலும் விழுந்தவர்களில் எத்தனை பேர் கடைசி வரை நெருப்போடு மல்லாடினார்களோ, பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

#7 சின்னத்தம்பி

பாதிக்குப் பாதி செத்திருக்கிறார்களா? தெரிந்தே ஏறினார்களா?

#8 பழைய பேப்பர்

தெரிந்தேதான் தம்பி. விமானத்தில் ஏறிய ஒவ்வொருவரும் தானாக முன்வந்தவர். பிற்பாடு வந்த விதிப்படி முதல் சுற்றுக்கு முப்பது தாக்குதல். முடித்தால் ஆறு மாதம் ஓய்வு, பெரும்பாலும் பயிற்றுநர் வேலை. பிறகு மறுபடி. ஏறமாட்டேன் என்று நடுவில் சொன்னால் அவன் கோப்பில் 'மன உறுதி இல்லை' என்ற பொருளில் மூன்று ஆங்கில எழுத்துகளைப் பதித்து, பதவியையும் சிறகுச் சின்னத்தையும் பிடுங்கி வேறு எங்காவது தள்ளிவிடுவார்கள். அது நோய் என்று மருத்துவர்கள் சிலர் சொன்னார்கள், மேலிடத்துக்குக் காது கேட்கவில்லை. சாவைவிட அந்த மூன்று எழுத்துக்குப் பயந்து ஏறியவர்கள் உண்டு.

#9 முல்லைமணி

அண்ணா, பதிவை முழுக்க வாசித்தேன். அந்தப் பிள்ளையின் துணிவைப் பற்றி எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இங்கே எழுதுகிற எல்லோரும் விமானத்துக்குள்ளே உட்கார்ந்துதான் கதையைப் பார்க்கிறீர்கள். நான் கீழே இருந்து பார்த்தவள். பொம்மர் (குண்டுவீச்சு விமானம்) சத்தம் கேட்டவுடன் அம்மா எங்கள் மூன்று பேரையும் பங்கருக்குள் (பதுங்கு குழி) தள்ளிவிட்டு, கடைசியாகத் தான் இறங்குவார். ஒரு முறை அடுப்பில் சோறு இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்று நின்ற அம்மாவைப் பார்த்து என் தம்பி கத்திய கத்தல் இன்றும் என் காதில் இருக்கிறது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டில் ஆனது.

ஆன்ட்வெர்ப் என்றீர்கள். அந்த நகரத்தின் விளிம்பிலேயே மோர்ட்செல் என்று ஓர் ஊர். 1943 ஏப்ரல் 5, பகல் நேரம். விமானத் தொழிற்சாலையைக் குறிவைத்து அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகள் ஊருக்குள் விழுந்து 936 பொதுமக்கள் இறந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் குண்டு விழுந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். வீசியவர்கள் அவர்களுடைய எதிரிகள் அல்ல, அவர்களை விடுவிக்க வந்தவர்கள். அந்த விமானங்களிலும் 19, 20 வயதுப் பையன்கள்தான் இருந்திருப்பார்கள்.

#10 பொருநைக்கரை

//நான் கீழே இருந்து பார்த்தவள்//

சகோதரி, இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஜெர்மனியின் ஹாம்பர்க், டிரெஸ்டன் நகரங்களை எரித்த படைக்கு வீர வணக்கம் எதற்கு? 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் தீப்புயலை மூட்டினார்கள். டிரெஸ்டனில் மட்டும் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். இவர்களுக்கு லண்டன் கிரீன் பார்க்கில் 2012-இல்தான் நினைவுச் சின்னம் வைத்தார்கள் என்றால், அவர்களுடைய நாட்டுக்கே அதுவரை கூச்சம் இருந்தது என்றுதானே பொருள்?

#11 பழைய பேப்பர்

முல்லைமணி, நீங்கள் எழுதியதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மோர்ட்செல் பற்றி நீங்கள் எழுதியது இந்த இழையில் கண்டிப்பாக இருக்க வேண்டியது.

பொருநைக்கரை, உங்களிடம் மட்டும் வாதாடுகிறேன். 1940 செப்டம்பரில் ஹன்னா போனது துறைமுகத்தில் கட்டிக் கிடந்த படையெடுப்புத் தோணிகளை அடிக்க. வேலை நடந்தது. செப்டம்பர் மூன்றாவது வாரத்துக்குள் சேர்த்து வைத்த கப்பல், தோணிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மூழ்கியோ சேதமாகியோ போயின. 17-ஆம் தேதி ஹிட்லர் படையெடுப்பைத் தேதி குறிக்காமல் தள்ளிவைத்தார். வான் சண்டையில் வெல்ல முடியாததே முக்கியக் காரணம் என்பார்கள், சரி. துறைமுகத்தில் எரிந்த தோணிகளுக்கும் பங்கு உண்டு.

நகரங்களை எரிப்பது என்ற முடிவு 1942-இல் மேசைகளில் எடுக்கப்பட்டது. அந்த மேசையில் இருந்தவர்களை நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், பாதிக்கு நானும் கூட வருகிறேன். அந்த முடிவுக்கான பழியை அதற்கு முன்பே முகம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பையன் தலையில் வைப்பது கணக்குப் பிசகு.

#12 பொருநைக்கரை

மேசையில் இருந்தவன் கையால் குண்டு விழுவதில்லை. விசையை இழுத்தவன் யாரோ ஒரு சார்ஜெண்ட்தான். 'உத்தரவு' என்ற சொல்லை வைத்து எவ்வளவு தூரம் போவீர்கள்? நாஜிகளை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தில் அது செல்லவில்லை.

#13 நடத்துநர்

இரண்டு பேரும் நல்லபடியாகத்தான் பேசுகிறீர்கள், ஆனால் இது நியூரம்பர்க் வரை போனால் நூறு பக்கம் ஓடும். நகரங்களையே எரிக்கும் குண்டுவீச்சின் நியாய அநியாயத்துக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே ஹன்னா. பிறகு என்ன ஆனார் என்று சொல்லவே இல்லையே?

#14 பழைய பேப்பர்

சொல்கிறேன். தீக்காயத்துக்கு ஆஸ்பத்திரி. அக்டோபரில் பக்கிங்ஹாம் அரண்மனை, மன்னர் கையால் பதக்கம். அதன்பின் அவர் தாக்குதலுக்குப் பறக்கவில்லை. வயர்லெஸ் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநராகப் போட்டார்கள். உடம்பு தேறவே இல்லை. 1941 கடைசியில் காசநோய். 1942 டிசம்பரில் முழு ஊன ஓய்வூதியத்தோடு விமானப்படையை விட்டு அனுப்பிவைத்தார்கள். அப்போது வயது 21. மனைவி ஜேனட், மூன்று பெண் குழந்தைகள்.

ஓய்வூதியம் குடும்பத்துக்குப் போதவில்லை. விக்டோரியா கிராஸுக்குத் தனியாக ஒரு தொகை உண்டு என்று யாராவது சொல்வீர்கள். அதிகாரி அல்லாதவர்களுக்கு அது ஆண்டுக்கு 10 பவுண்டு. 1959-இல்தான் அதை 100 ஆக்கினார்கள். முழு நேர வேலைக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. டாக்சி ஓட்டிப் பார்த்தார், அதையும் விட வேண்டியதாயிற்று. பிறகு லெஸ்டர் நகருக்கு அருகே மார்க்ஃபீல்ட் காசநோய் சானடோரியம். 1947 ஜூன் 7 அன்று அங்கேயே இறந்தார். வயது 25.

அந்த டாக்சியில் ஏறியவர்களுக்கு ஓட்டுபவர் யார் என்று தெரிந்திருக்குமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பத்திரிகையில் படம் வந்து இரண்டு, மூன்று ஆண்டுதான் ஆகியிருக்கும்.

#15 செவிலி

எப்போதும் படித்துவிட்டுப் போய்விடுவேன். காசநோய் என்றதும் எழுதத் தோன்றியது, பல ஆண்டுகள் அந்த வார்டில் வேலை பார்த்தவள்.

தீப்புகையை உள்ளிழுத்ததால் காசநோய் வந்தது என்று சிலர் எழுதுவார்கள். அப்படி நேராகச் சொல்ல முடியாது. காசநோய்க்குக் கிருமி வேண்டும். அக்காலத்தில் அந்தக் கிருமி எங்கும் இருந்தது. கிளாஸ்கோ பக்கத்து நெருக்கடியான குடியிருப்புகளில் கேட்கவே வேண்டாம். பலர் உடம்புக்குள் சிறுவயதிலேயே புகுந்து அடங்கிக் கிடக்கும். பெரிய தீக்காயமும் புகை தின்ற நுரையீரலும் மனச்சோர்வும் சேர்ந்து எதிர்ப்புச் சக்தி விழுந்தால் தலைதூக்கும். அந்த வகையில், எரிந்த அந்த இரவுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. நம்மால் சான்றிதழ் கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. அவர் இறந்த ஆண்டு 1947. காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை 1943-இலேயே அமெரிக்காவில் கண்டுபிடித்தாயிற்று. பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்ததே அந்த 1947-இல்தான். முடிவு வெளியானது 1948-இல். கையிருப்பில் இருந்த மருந்து மிகக் குறைவு, சோதனையில் இருந்தவர்களுக்கே சீட்டுக் குலுக்குவது போலத்தான் கிடைத்தது. ஓராண்டு, இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்திருந்தால் ஒருவேளை... எங்கள் வார்டில் பழைய டாக்டர்கள் இப்படிப்பட்ட 'ஒருவேளை'க் கதைகள் நிறையச் சொல்வார்கள்.

நம் பக்கத்தில் தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையமே இருக்கிறது அல்லவா? அந்த மாதிரி இடம்தான் மார்க்ஃபீல்டும். நல்ல காற்று, படுக்கை, முட்டை, பால், காத்திருப்பு. சானடோரியத்தில் படுக்க வைத்துத்தான் குணப்படுத்த வேண்டும் என்பதில்லை, வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் அதே பலன் கிடைக்கும் என்று 1950-களின் பிற்பகுதியில் உலகத்துக்குச் சொன்னது சென்னையில் நடந்த ஆய்வு. அதே பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதில் கூட்டு.

#16 கந்தகம்

அம்மா, வணக்கம். எங்கள் துறையிலும் ஓய்வுக்குப் பிறகு இருமிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. எந்தத் தீயில் எது நுரையீரலுக்குள் போனது என்று எந்தக் கோப்பிலும் இருக்காது. ஊன ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தால் 'பணியின்போது ஏற்பட்டதற்கு ஆதாரம் என்ன' என்று ஒரு அலுவலகத்தில் கேட்பார்கள். ஹன்னாவுக்காவது முழு ஓய்வூதியம் கொடுத்தார்கள்.

#17 முல்லைமணி

டாக்சி ஓட்டியதை வாசித்தபின் அந்தப் பிள்ளை மேல் இருந்த விலகல் எனக்குக் குறைந்துவிட்டது அண்ணா. பொம்மர் ஓட்டியவர்களை மன்னிக்கிறேன் என்று அர்த்தம் இல்லை. ஜேனட்டைத்தான் நினைத்துக்கொண்டேன். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வயதுக் கணவனைப் புதைத்த பெண். எங்கள் ஊரில் அப்படி எத்தனையோ பேர், அவர்களுக்குப் பதக்கமும் இல்லை, பத்துப் பவுண்டும் இல்லை.

#18 சின்னத்தம்பி

பழைய பேப்பர் அண்ணா, முன்பு 'சாட்சி இருந்ததால் பதக்கம்' என்றீர்களே, சாட்சி இல்லாமல் போய்விட இருந்து கடைசியில் தெரியவந்த கதை ஏதாவது உண்டா?

#19 பழைய பேப்பர்

மிகப் பிரபலமானது கனடாவின் ஆண்ட்ரூ மினார்ஸ்கி. 1944 ஜூன் 12 இரவு, பிரான்ஸின் காம்ப்ரே ரயில் நிலையத்தைத் தாக்கப் போன லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் தீப்பிடித்தது. குதிக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. மினார்ஸ்கி குதிக்கப் போனவர், வால் பகுதிக் கூண்டுக்குள் துப்பாக்கி வீரர் பிராஃபி சிக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நெருப்புக்குள் தவழ்ந்து போனார். கோடரியால் வெட்டினார், கையால் பிய்த்தார், கூண்டு அசையவில்லை. போய்விடு என்று பிராஃபி கையசைத்தார். உடையும் பாராசூட்டும் எரிந்துகொண்டிருக்க, மினார்ஸ்கி குதிப்பதற்கு முன் திரும்பி நண்பனுக்கு சல்யூட் வைத்தார். தரையில் இறங்கியும் தீக்காயத்தால் இறந்துபோனார்.

இதை எல்லாம் பார்த்தவர் யார்? கூண்டுக்குள் சிக்கியிருந்த பிராஃபி ஒருவர்தான். விமானம் அவரோடு தரையில் மோதியது. மோதிய வேகத்தில் கூண்டு உடைந்து அவர் வெளியே தூக்கி எறியப்பட்டு, உயிர் பிழைத்தார்! அதை அவர் வந்து சொன்னதால்தான் 1946-இல் மினார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ். பிராஃபி செத்திருந்தால் மினார்ஸ்கி தீக்காயத்தால் இறந்த இன்னொரு பெயர், அவ்வளவுதான்.

#20 பொருநைக்கரை

நான் முரண்டு பிடிப்பவன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், எனக்கும் ஒரு தகவல் கொடுக்கத் தெரியும். இந்தக் குண்டுவீச்சுப் படையில் நம் ஊர்ப் பெயர்களும் உண்டு. 35-ஆம் ஸ்குவாட்ரனுக்கு 'மதராஸ் பிரசிடென்சி' என்று பெயர். ஹாலிஃபாக்ஸ் விமானங்களை முதலில் பெற்ற படை அது. 102-ஆம் ஸ்குவாட்ரனுக்கு 'சிலோன்' என்று பெயர். பெயர் எதற்கு? நன்கொடைக்கு நன்றி. ஜமீன்தார்களும் மிராசுகளும் ஊழியர்களும் சேர்த்துக் கொடுத்த பணம். அதில் மனமுவந்து கொடுத்தது எவ்வளவு, கலெக்டர் முகத்துக்காகக் கொடுத்தது எவ்வளவு என்று யாராவது மாவட்ட ஆவணங்களைத் தோண்டினால் நல்ல ஆய்வாக இருக்கும்.

சுவாரசியம் என்னவென்றால், லெனர்ட் செஷயர் என்ற பெயர்போன விமானி முதலில் 102-இல் இருந்தார், பிறகு 35-க்குப் போனார். 102-இல் இருந்தபோது, ஹன்னா சம்பவம் நடந்து இரண்டே மாதத்தில், 1940 நவம்பரில், அவருடைய விட்லி விமானத்துக்குள்ளும் எதிரிக் குண்டு பட்டு ஒளிச்சுடர் வெடித்துத் தீப்பிடித்தது. அவருடைய வயர்லெஸ் ஆபரேட்டரும் இளைஞன்தான், அவனுக்கும் முகம் வெந்துபோனது. அந்த விமானமும் வீடு வந்து சேர்ந்தது. பெரிய பெயர் விமானிக்குப் போனது.

#21 பழைய பேப்பர்

இப்போது யார் ஹன்னா பக்கம் பேசுகிறார்கள், யார் எதிர்ப் பக்கம் என்றே புரியவில்லை!

#22 செவிலி

அந்த ஹாம்ப்டன் விமானத்தை இப்போது எங்காவது பார்க்க முடியுமா? மூன்றடி அகலம் என்று கந்தகம் ஐயா சொன்னதிலிருந்து எனக்கு நேரில் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. என் மகன் வான்கூவரில் இருக்கிறான்.

#23 பழைய பேப்பர்

உங்களுக்கு யோகம்தான் அம்மா. உலகத்தில் மிஞ்சியவை விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒன்று வான்கூவருக்குப் பக்கத்தில் லாங்லியில் உள்ள விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கனடாவில் கட்டிய விமானம், பயிற்சியின்போது கடலில் விழுந்ததைப் பிற்காலத்தில் வெளியே எடுத்துச் சீரமைத்தார்கள். மற்றொன்று ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் விழுந்து கிடந்ததை மீட்டு, இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டில் பல ஆண்டுகளாக ஒட்டிக் கட்டினார்கள். அதன் வரிசை எண் பி1344. ஹன்னாவின் விமானம் பி1355. ஒரே தொழிற்சாலை வரிசையில் பதினொன்று தள்ளி.

லாங்லி போனால் பின்பக்கமாக நின்று மேலும் கீழும் உள்ள இரண்டு துப்பாக்கி இடங்களையும் படம் எடுத்துப் போடுங்கள். கந்தகம் ஐயாவுக்கு நெருப்பு போன வழியைக் கோடு போட்டுக் காட்டச் சொல்லலாம்.

#24 கந்தகம்

படம் வரட்டும். விமானிக்குப் பின்னால் தடுப்புத் தகடு இருந்ததா என்பதையும் முடிந்தால் பார்த்துச் சொல்லுங்கள் அம்மா, அந்த ஒன்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.